நானே ஒரு வருஷமா யூஸ் பண்றேன்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் நடக்கிற ஊர்கள். நடுவே வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு நான் ஏமாந்ததோ தோல் பர்ஸில். இதை யாரிடம் சொல்லி அழ?

"ப்யூர் லெதர் ஃப்ரெண்ட்ஸ், நானே ஒரு வருஷமா யூஸ் பண்றேன்" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். விலை கேட்டால் "இன்பாக்ஸ் வாங்க." (விலையைச் சொல்ல அப்படி என்ன வெட்கமோ!) சரி, வாங்கினேன். மூன்றாம் மாதமே மடிப்பில் அப்பளம் மாதிரி உரிந்து, உள்ளே துணி பல்லிளித்தது. ரெக்சின்! அந்தப் பெண்ணோ இப்போது வேறொரு கடை பர்ஸைக் காட்டி, அதையும் ஒரு வருஷமாகப் பயன்படுத்துகிறாராம்.

காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதை வீடியோவுக்குள்ளேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியே வெளியிட்டது. இவர்கள் அதை இருபது ஹேஷ்டேக்குக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள்.

நான் காய் வாங்கும் அம்மாவுக்கு ரீல்ஸ் போடத் தெரியாது. புவிசார் குறியீடு வாங்கிய முள் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேட்டேன். "இது அது இல்ல சாமி, வேற காய். நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் போனேன். காசு எடுக்கும்போது விரலெல்லாம் பர்ஸின் கறுப்புத் துகள்.