எக்ஸ்ரேயில் தெரியாத முறிவும் உண்டு

"சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஊன்றினீர்களா? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால் சுளுக்குதான், தைலம் தேய்த்து நீவுங்கள்" என்று அண்ணன் ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மணிக்கட்டுக்கு இது பொருந்தாது.

கட்டைவிரலை விரித்து உயர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு குழி விழும். அங்கே அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? ஸ்கேஃபாய்டு என்னும் முந்திரிப்பருப்பு வடிவ எலும்பு விரிசல் கண்டிருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். அதனால்தான் சந்தேகம் இருந்தாலே கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுக்கிறார்கள், அல்லது எம்ஆர்ஐ. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடக்கும், கூடாமலேயே போகலாம். அதைப் போய் நீவுவதா?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்த நானும் முதலில் கோடாலித் தைலத்தைத்தான் தேடினேன் (அது இல்லாத சிங்கப்பூர் வீடு ஏது?). மூன்றாம் நாள் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. இரண்டாவது எக்ஸ்ரேயில்தான் மயிரிழை போல அந்தக் கோடு தெரிந்தது. 8 வாரம் மாவுக்கட்டு.