எத்தனை பக் என்று கேட்காதீர்கள்

சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தைய கூட்டத்தில் முதலில் விழும் கேள்வி, "இன்னும் எத்தனை பக் ஓப்பன்ல இருக்கு?" அதாவது, சரிசெய்யாத பிழைகள் எத்தனை? டெஸ்டிங்கிலேயே காலம் தள்ளுகிற எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். நாற்பது இருந்தாலும், எல்லாம் பட்டன் நிறம், எழுத்துப்பிழை என்றால் தாராளமாக ரிலீஸ் பண்ணலாம். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பயனரின் ஃபைலை அழிக்கும் என்றால் பண்ணவே கூடாது.

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியானது. இன்சைடர்கள் என்று, வெளியீட்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப் பதிவுசெய்துகொண்ட லட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பதிப்பு அது. போட்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்கள் காணாமல் போயின. காரணம், முந்தைய பதிப்புக்குச் செய்த ஒரு திருத்தம். அந்த முந்தைய பதிப்பில் சிலருக்குக் காலி ஃபோல்டர்கள் இரட்டையாகத் தெரிந்தன. அவற்றை நீக்க புதிய பதிப்பில் ஒரு நிரல் துண்டைச் சேர்த்தார்கள். டாக்குமென்ட்ஸை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த நிரல் பழைய ஃபோல்டரை உள்ளே இருந்ததோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. சில நாளிலேயே விநியோகத்தை நிறுத்தினார்கள். மறுபடி வெளியிட்டது நவம்பர் 13.

என்னால் ஜீரணிக்க முடியாதது இதற்கு முந்தைய கதை. ஃபைல் போய்விட்டது என்று இன்சைடர்கள் சிலர் ரிலீஸுக்கு முன்பே, பயனர்கள் குறைகளைப் பதியும் மைக்ரோசாஃப்டின் ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். மற்ற பயனர்களின் ஓட்டு அதிகம் விழாததால் அது அடியில் போய்விட்டது. பாதிப்பைச் சொன்னவர்கள் பத்தாயிரம் இன்ஸ்டாலுக்கு ஒருவர்தான் என்றது மைக்ரோசாஃப்ட். அந்த ஒருவருக்குப் போனது குழந்தையின் போட்டோவா, வருடக்கணக்கான கணக்கு வழக்கா, யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் வசதியை அந்த ஹப்பில் சேர்த்தார்கள்.

அதற்காக ரிலீஸைத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன் வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், அதாவது சோதனைப் பதிப்பு) வருகிறது. ஏழாவதோ எட்டாவதோ வந்ததும் பெரும்பாலும் வெளியிட்டுவிடுகிறார்கள். பிழை தீர்ந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. புதிதாக எதுவும் உடையவில்லையா என்று பார்க்கிறார்கள், மிச்சத்தை அடுத்தடுத்து வரும் ஸ்டேபிள் (திருத்தப்) பதிப்புகளில் சரிசெய்கிறார்கள்.

"பிரச்சினை வந்தா ரோல்பேக் பண்ணி பழைய நிலைக்குக் கொண்டுபோயிடலாம்" என்று சொல்பவர்களுக்கு, கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கை நினைவுபடுத்துகிறேன். 2024 ஜூலை 19 அன்று அப்டேட்டாக அனுப்பிய கோளாறான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இயங்கவே தொடங்காத கணினிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பல இடங்களில் ஆள் நேரில் போய், அடிப்படை அம்சங்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அதை முதலில் நூற்றில் ஒரு கணினிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

ஆகவே ரிலீஸ் பண்ணலாம் என்று நான் சைன்-ஆஃப் கொடுக்கும் முன் கேட்பது: இது சொதப்பினால் யாருக்கு என்ன போகும், போனது திரும்ப வருமா, முதல் நாளில் எத்தனை பேர் கைக்குப் போகிறது. திரும்ப வராத எதையாவது தொடும் நிரல் என்றால் டெட்லைன் தாண்டினாலும் நிறுத்துங்கள் என்பேன். மற்றதற்கு இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். அந்தக் கூட்டத்துக்கு சப்போர்ட்டில் இருந்தும் ஒருவரைக் கூப்பிடுங்கள். காலையில் முதல் போனை எடுக்கப்போவது அவர்தான். பல கம்பெனிகளில் அவரை யாரும் கேட்பதே இல்லை.