தட்டில் பூஞ்சை செத்தால் மருந்து தயாரா?

“ஆய்வகத்தில் உருவாக்கிய புதிய வேதிப்பொருள் பூஞ்சையைக் கொன்றுவிட்டது, இனி படர்தாமரைக்கும் கருப்புப் பூஞ்சைக்கும் மருந்து ரெடி” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சோதனைத் தட்டில் பூஞ்சையைக் கொல்வது பெரிய விஷயமில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். நம் உடம்பைக் கெடுக்காமல் கொல்வதுதான் கஷ்டம். பாக்டீரியாவைப் போல அல்ல பூஞ்சை. அதன் செல்லும் நம் செல்லும் அமைப்பில் நெருங்கிய உறவு. வித்தியாசங்கள் குறைவு: நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், அதன் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற வேறொரு கொழுப்புப் பொருள். பல மருந்துகள் குறிவைப்பது இந்த எர்கோஸ்டெராலைத்தான்.

கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை உதாரணமாகப் பார்ப்போம். மாத்திரையாக 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூஞ்சையை நன்றாகவே அடக்கியது. ஆனால் கல்லீரலைப் பாதித்தது, நம் ஹார்மோன் உற்பத்தியிலும் தலையிட்டது. 2013-ல் அந்த மாத்திரைக்கு அங்கே கடும் கட்டுப்பாடு வந்தது. அதற்கு வெகு முன்பே, இங்கிலாந்தில் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அதில் இருந்த இமிடசோல் என்ற அணு வளையத்துக்குப் பதிலாக டிரையசோல் என்ற வேறு வகை வளையங்களை வைத்து, ஃப்ளூரினும் சேர்த்து, நீரில் கரையும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை உருவாக்கினார்கள். அதற்கே பல மூலக்கூறுகளைச் செய்து பார்த்துக் கழிக்க வேண்டியிருந்தது.

தட்டுக்கு அப்புறம் மனித செல்கள், விலங்குகள், பிறகு மூன்று கட்ட மனிதப் பரிசோதனை. பெரும்பாலான சேர்மங்கள் வழியிலேயே நின்றுவிடும். நோயாளிகள் இந்தச் செய்தியை நம்பி, இப்போது எடுக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.