பூவை வாங்கின கையோட பிரிட்ஜில வைக்கலாமோ?

"வாங்கின பூவை உடனே பிரிட்ஜில வையுங்கோ" எண்டு கட்டுரையில எழுதியிருக்கிறியள். றோசாவுக்குச் சரி. அந்தூரியம், ஓர்க்கிட் ரெண்டையும் அப்பிடி வைச்சால் குளிர் பிடிச்சுக் கறுத்துப்போகும். அதுகளுக்கு வீட்டில நிழலான மூலையே போதும். றோசாவையும் மாம்பழம், வாழைப்பழத்தோட வைக்காதேங்கோ. பழம் விடுற எத்திலீன் வாயுவால இதழ் கொட்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில எந்த வீட்டுப் பிரிட்ஜில இடம் இருக்கு?

யாழ்ப்பாணத்தில பெரிய சிக்கல் கிணத்துத் தண்ணிதான். சுண்ணாம்புக்கல் நிலம், அதால காரத்தன்மை கூட. தண்டு தண்ணியை உறிஞ்சாது, மொட்டு கழுத்து மடிஞ்சு தொங்கும். அதுக்கு பூ வைக்கிற தண்ணியில ஒரு லீற்றருக்கு ரெண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு), ஒரு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி குளோரின் (துணி வெளுக்கிற திரவம்) சேருங்கோ. புளியையும் குளோரினையும் நேராக ஒண்டாக்க வேண்டாம், நச்சு வாயு வரும். தண்ணிக்குள்ள தனித்தனியா விடுங்கோ. தண்டை தண்ணிக்குள்ள பிடிச்சே ரெண்டு சென்ரிமீற்றர் சரிவா வெட்டி, மூழ்கிற இலையெல்லாம் கழட்டுங்கோ.

ஒயாசிஸ் கட்டியை, அதுதான் பூ குத்திற நுரைக்கட்டியை, நனைக்கேக்க கையால அமத்தக்கூடாது. வாளியில மிதக்க விட்டால் தானே தாழும். அமத்தினால் நடுவில காத்து அடைபட்டு உள்ளுக்குக் காய்ஞ்சே கிடக்கும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு அந்த இடத்தில குத்தின பூ மத்தியானத்துக்கே வாடும். குத்தின ஓட்டையில திரும்பக் குத்தாதேங்கோ.