பானையோடு போனவரிடம் "மீதி எங்கே?"

கிணற்றில் கிடைத்த காசுப் பானையை ஒருவர் அரசு ஆபீசில் ஒப்படைத்த விவகாரத்தில் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கமெண்டில் ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டதால் முடியவில்லை.

சொந்த விளை (தோட்டம்), சொந்தக் கிணறு. ஆழப்படுத்தும்போது வந்த செப்புக்காசுகளை மனுஷன் பானையோடு கொண்டுபோய் ஒப்படைத்தார். ஆபீசில் கேட்ட முதல் கேள்வி, "மீதி எங்கே?" கமெண்டில் நம்ம ஆட்கள் கேட்டது, "பாத்திரக்கடையில போட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" முதல் கேள்வியைக் கேட்டவர்கள்தான் இரண்டாவது கேள்விக்கு நியாயம் தேடிக்கொடுக்கிறார்கள். சொல்ல வந்தவனைத் திருடனாகப் பார்த்தால் அடுத்த பானை ஆபீசுக்கு வராது, உலைக்குப் போகும்.

1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டத்தை யாராவது படித்தீர்களா? மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், 10 ரூபாய். இன்றைக்கு அதில் ஒரு டீயே சந்தேகம். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. கடிதத்தில் இவ்வளவுதான் வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் கட்டலாம், அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை கொடுக்கலாம். உரிமை கோருபவர்கள் ஆஜராக, அறிவிப்பிலிருந்து 4 மாதத்துக்குக் குறையாமல், 6 மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார்கள். யாருடையதும் இல்லை என்றானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இரண்டும் ஒரே ஆள் என்றால் பங்குத் தகராறே கிடையாது. மறைத்தால்தான் 1 வருடம் வரை சிறை.

அரசு தானே வைத்துக்கொள்ள நினைத்தால்? பொருளின் உலோக மதிப்பு, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது அரைக் கிலோ பழங்காசுக்கு அரைக் கிலோ செம்பின் விலையும் மேலே 20 சதவீதமும். பாத்திரக்கடைக்காரனைப் போலவே உலோகத்தை மட்டும் எடை போடுகிற கணக்கு இது! மாற்ற வேண்டியது சட்டத்தில் இருக்கும் இந்த வாசகத்தைத்தான். அதைப் பற்றி ஒரு கமெண்ட் உண்டா?

வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதோ ரப்பருக்குக் குழி எடுக்கும்போதோ உங்களுக்கே ஏதாவது கிடைத்தால், முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். கிடக்கும் இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி என்று டேப் பிடித்து, சர்வே எண்ணோடு எழுதுங்கள். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். இறந்தவர்களைப் புதைத்த தாழி என்றால் எலும்புத் துண்டும் தானியமும் அந்த மண்ணில்தான் இருக்கும். ஒட்டிப்போன காசுகளைப் பிரிக்காதீர்கள். எது மேலே, எது அடியில் என்பதும் ஒரு சாட்சி. புளி, எலுமிச்சை, பாலிஷ் கூடவே கூடாது. எழுத்து பல நேரம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும், அமிலம் பட்டால் அதோடு போய்விடும். நம்முடையது கடலோர உப்பு மண். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் உள்ளே புகுந்த உப்பு வேலையைக் காட்டும். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்து காசு குழி குழியாக அரிக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். கடிதத்தின் நகலில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். நாளைக்கு "மீதி எங்கே" என்று வந்தால் உங்களுக்குத் துணை அந்தத் தாளும் படமும்தான்.

"என் பட்டா நிலம், எனக்குத்தான்" என்பவர்களுக்கு: பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் தெரிவிக்க வேண்டியது தெரிவிக்க வேண்டியதுதான். "கொடுத்தாலும் ஏதோ ஒரு அறையில் மூட்டையாகத்தான் கிடக்கும்" என்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

"காசு சேகரிக்கிறவங்கதான் இதையெல்லாம் தூண்டிவிடுறாங்க." நானும் காசு சேகரிக்கிறவன், இதுதான் சுட்டது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த பொருள் தொல்பொருள். கல், உலோகச் சிற்பங்களை வைத்திருந்தால் பதிவு வேண்டும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. நாணயம் வீட்டில் வைத்திருக்கப் பதிவு கேட்பதில்லை. சிலை கடத்துகிறவனையும் சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் சமஸ்தானக் காசைச் சேர்க்கிறவனையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறீர்களே, 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்காவது தெரியுமா? விரல்நுனிக்கும் சிறிய அந்த வெள்ளிக்காசைக் குழி போட்ட மரப்பலகையில் வாரித்தான் எண்ணினார்கள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் கூலியாள் கண்ணில் படாது, லோடோடு போய்விடும். இந்த மாவட்டத்தில் லாரி லாரியாக மண் போகிறது. அதில் என்ன உடைந்தது, என்ன போனது என்று எந்த அதிகாரியாவது, எந்தக் கமெண்ட் வீரராவது கேட்டதுண்டா? கொண்டுவந்து கொடுத்த ஒரு ஆளிடம் மட்டும் "மீதி எங்கே".

கீழே வந்து "உங்ககிட்ட எத்தனை இருக்கு" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறது, எல்லாம் நாணயம்தான். பதிவு வேண்டுமா என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.