அனுப்பி வைத்த அம்மா

ஜெர்மன் ஓவியர்கள் என்றாலே எல்லோரும் டியூரரில் ஆரம்பிப்பார்கள். சரி, நியாயம்தான். நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத காண்டாமிருகத்தை 1515-ல் இரும்புக் கவசம் மாட்டினாற்போல் மரச்செதுக்குப் படமாக்கி, ஐரோப்பா முழுக்க அதுதான் காண்டாமிருகம் என்று நம்பவைத்த மனுஷன். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் படங்களில் 'என் கை வேலையைப் பார்த்தாயா' என்கிற கெத்து எங்கோ ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தது எனக்குக் கேத்தே கோல்விட்ஸிடம்தான்.

இவரை 'ஏழைகளின் ஓவியர்', 'போரை எதிர்த்த தாய்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில்தான் எனக்குச் சண்டை. 'நெசவாளர் எழுச்சி' என்ற அவருடைய அச்சுப்பட வரிசைக்குத் தேர்வுக் குழு சொன்ன பதக்கத்தை 1898-ல் ஜெர்மன் பேரரசர் கைசர் மறுத்தார் என்ற கதையைச் சொல்கிற பலர், 1914-ல், முதல் உலகப் போர் தொடங்கியபோது நடந்ததைச் சொல்வதில்லை. மகன் பீட்டருக்கு 18 வயது. பட்டாளத்தில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும், அவரோ முடியாது என்கிறார். அவரிடம் பேசிப் பேசி இணங்கவைத்தது இந்த அம்மாதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் பையன் செத்துப்போனான்.

அப்புறம் அந்தப் போரைப் படமாக்க வருடக்கணக்கில் திணறுகிறார். செப்புத்தகட்டில் கீறி அச்சிடுவது, கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு எதுவும் சரிவரவில்லை. 1920-ல் ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான் கட்டையையும் உளியையும் எடுக்கிறார். 'போர்' வரிசையில் 7 படங்கள், பீரங்கி இல்லை, எதிரி இல்லை. முதல் படத்தில் ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டுகிறாள், அடுத்ததில் சாவு முரசடித்துப் போக, பையன்கள் பின்னாலேயே போகிறார்கள். இதைப் போர் எதிர்ப்பு என்று மட்டும் எப்படிச் சொல்வது? என் கண்ணுக்கு இது தன் மேலேயே அவர் எழுதிக்கொண்ட குற்றப்பத்திரிகை.

1942-ல், 74 வயதில், கடைசிக் கல்லச்சு. விதைநெல்லை அரைக்கக் கூடாது என்று தலைப்பு. ஒரு கிழவி பையன்களைத் தன் மேலங்கிக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறாள், அவர்களோ வெளியே ஓடத் துடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். பேரனுக்கும் பீட்டர் என்றுதான் பெயர். அதே வருடம் ரஷ்யப் போர்முனையில் அவனும் போய்விட்டான்.