கம்ப்ரஸர் பழுதுன்னா கேஸ் இல்லைன்னு அர்த்தம் இல்ல

அண்ணா, "கார் ஏசி கம்ப்ரஸர் பழுதுன்னா உள்ள கேஸ் இருக்காது, வீட்டிலயே ஹோஸை கழட்டுங்க"ன்னு போட்டிருக்கீங்க, தயவுசெய்து அப்படி சொல்லாதீங்க. கிளட்ச் எரிஞ்சோ பெயாரிங் இறுகியோ நின்ற கம்ப்ரஸர்னா கேஸ் முழுசா அப்படியே இருக்கலாம், கொழும்பு வெக்கைல 30 டிகிரில ஆர்134ஏங்கிற ஏசி கேஸ் எஞ்சின் ஓஃப்ல இருந்தாலே 95 பிஎஸ்ஐ அழுத்தம் கிட்ட நிக்கும், நட்டை தளர்த்தினதும் சீறிக்கிட்டு வரும், மைனஸ் 26லயே கொதிக்கிற சாமான் அது, விரல்ல பட்டா தோல் உறைஞ்சிடும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. முதல்ல ஏசி கராஜ்ல மெஷின் போட்டு கேஸை இழுக்க சொல்லுங்க, பிறகு வீட்டில ஆறுதலா கழட்டலாம். இன்னொன்னு, நிறைய கார்ல கம்ப்ரஸரை சுத்துற அதே பெல்ட்தான் பேட்டரியை சார்ஜ் பண்ற ஓல்டர்னேட்டரையும் சுத்துது, கம்ப்ரஸரை எடுத்தா கட்டையான பெல்ட் தேவைப்படும், பஞ்சிகாவத்தை வாகன பார்ட்ஸ் கடைகள்ல அளவு காட்டி வாங்கிட்டு வேலையை தொடங்குங்க.